சனாதிபதி அக்காவின் முதல் புரட்டாதி

யாருமே வேண்டாம் என்று சொல்லாத ஒரே ஆள் என்பதால்தான் புனிதமலர் அன்ரி தலைவியானார். இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழர் ஒன்றியத்தின் முதல் தலைவி. தெரிவு நடந்த அன்று மன்னார்க்காரர் ஒரு பெயரைச் சொன்னால் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியார் உதட்டைப் பிதுக்கினார்கள். தீவுப்பகுதியார் ஒரு பெயரைச் சொன்னால் மன்னார்க்காரர் கூரையைப் பார்த்தார்கள். மொரீசியஸ்காரர்கள் எல்லாப் பெயருக்கும் சிரித்தார்கள், எந்தப் பெயருக்கும் கை தூக்கவில்லை. மத்தியானம் தாண்டி எல்லோருக்கும் பசி வந்த பிறகு யாரோ, "அப்ப மலரக்கா?" என்று கேட்டார்கள். கைகள் எழும்பின.

அவர் பிறந்தது மன்னாரில், வங்காலையில். கலியாணம் கட்டியது ஊர்காவற்துறையில். மன்னார்க்காரருக்கு அவர் தீவாருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். தீவாருக்கு அவர் எங்கிருந்தோ வந்து சேர்ந்த மன்னார்க்காரி. முழுதாக எங்கள் ஆள் என்று இரண்டு பக்கமும் சொல்லவில்லை, அதனால் இரண்டு பக்கமும் அவருக்குப் பயப்படவும் இல்லை.

"ஒரு வருசம்தான். அதுக்கு மேலை என்னைக் கேக்கக்கூடாது" என்றார் அன்ரி.

"சனாதிபதி எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் சொல்லுறவை" என்றார் றெஜி அண்ணா. பிட்சாக் கடையொன்றில் அடுப்புப் பார்ப்பவர், மன்னார்க்காரர், வாய் சும்மா இருக்காது. அன்றிலிருந்து அவர் வாயில் அன்ரி சனாதிபதி அக்கா ஆனார். ஒன்றியத்துக்கு அவர் வைத்த பெயர் நாடு.

அந்த நாடு உருவானதற்குக் காரணம் ஒரு மண்டபம். கபோச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளம். நகரசபை அதைத் தமிழருக்குத் தரத் தயாராக இருந்தது. ஆனால் ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் தரும், இரண்டுக்குத் தராது. முதல் வருடம் பரீட்சை மாதிரி. அந்த வருடத்துக்குள் சங்கம் உடைந்தால் மண்டபம் திரும்பப் போய்விடும்.

அன்ரிக்கு அந்த மண்டபம் ஏன் வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய கணவர் இறந்தபோது முப்பத்தோராம் நாள் செபத்தை அவர்களின் இரண்டறை வீட்டில்தான் வைத்தார்கள். சனம் மாடிப்படி முழுவதும் நின்றது. படியில் இடமில்லாதவர்கள் தெருவில், மீன்கடைத் தண்ணீருக்குள், கையில் தட்டோடு நின்று சாப்பிட்டார்கள். மழையும் பெய்தது. "என்ரை மனுசனுக்கு வந்த சனத்தை என்னாலை இருத்த முடியேல்லை" என்று அன்ரி இப்போதும் சொல்வார். அதைச் சொல்லும்போது குரல் மாறாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொல்வார்.

மொரீசியஸ்காரருக்கும் அதே தேவைதான். அவர்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து மொரீசியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள். வீட்டில் பிரெஞ்சு கலந்த கிரியோல் பேசுவார்கள், தமிழ் அவர்களுக்குக் கோயிலில் மட்டும். கும்பிடுவதற்கு ஒரு நிலவறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மாரிகாலத்தில் முருகனின் காலடி வரை தண்ணீர் வரும். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் மூர்கென். வியா மக்வேதா என்ற பெருந்தெருவில் ஒரு பழைய மாளிகைக்கு வாயிற்காப்பாளர். மண்டபத்துக்கு நகரசபை இரண்டு சாவிகள் தந்தது. ஒன்று அன்ரியிடம், மற்றது மூர்கெனிடம்.

முதல் மாதங்களில் அன்ரி பட்ட பாட்டை வெளியில் நின்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். சுவரில் யாருடைய படம் மாட்டுவது? கத்தோலிக்கரான எங்களின் மடு மாதாவா, மொரீசியஸ்காரரின் முருகனா? மூன்று கூட்டம் அதற்கே போனது. கடைசியில் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றோசாலியாவின் படத்தை மாட்டினார்கள், ஏனென்றால் அவருடைய மலைக்கோயிலுக்கு இரண்டு பகுதியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள். கூட்டத்தை எந்தச் செபத்தோடு தொடங்குவது? ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது என்று முடிவானது. முதல் தடவை எல்லோரும் தலைகுனிந்து நின்றபோது றெஜி அண்ணா மெதுவாகக் கேட்டார்: "இப்ப ஆர் செத்தது?"

எந்த மொழியில் கதைப்பது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கரைச்சல். எல்லோருக்கும் விளங்குவது இத்தாலியன் மட்டும்.

"தமிழர் ஒன்றியம். ஆனா வாய் திறந்தா இத்தாலியன். வடிவாயிருக்கு, என்ன?" என்றார் சாந்தன். தீவுப்பகுதியாரின் குரல் அவர்தான். நல்ல மனிதர், நோயாளி வீட்டுக்கு முதல் ஆளாய்ப் போவார். ஆனால் தான் தலைவர் ஆகியிருக்க வேண்டும் என்பதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை.

"அவைக்குத் தமிழ் விளங்காது சாந்தன்" என்றார் அன்ரி.

"அப்ப என்னத்துக்குத் தமிழர் எண்டு வருகினம்?"

அன்ரி கைப்பையை எடுத்தார். அவருக்குக் கூட்டம் முடிந்து பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின் வீட்டில் தங்கி வேலை செய்பவர். காலையில் தூக்கி இருத்துவதிலிருந்து படுக்கையில் கிடத்துவது வரை எல்லாம் அவர்தான். சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, கால் இயங்காது, நாக்கு இயங்கும். அன்ரி கூட்டத்துக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் கட்டிலில் இருந்தபடி கேட்பார்: "உன் அரசாங்கம் விழுந்துவிட்டதா?" இத்தாலியில் எத்தனையோ அரசாங்கங்கள் விழுந்ததைப் பார்த்தவர். அவருக்கு அது ஒரு நாடகம்.

ஆவணி மாதத்தில், ஒன்றியத்தின் முதல் விருந்துக்கு நாள் குறித்தார்கள். ஞாயிறு முடியாது, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை இருக்கிறது. வியாழன் பின்னேரம் வீட்டுவேலை செய்பவர்களுக்கு ஓய்வு, ஆனால் ஹோட்டல்களில் வேலை செய்பவர்களுக்கு இல்லை. வரும் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வைக்கலாமா என்று அன்ரி கேட்டார்.

மூர்கெனின் முகம் மலர்ந்தது. "சனிக்கிழமையா? அந்த மாதத்தில் எங்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது, பிரெசிதெந்தே" என்றார், இத்தாலியனில் தலைவிக்கு அதுதான் சொல்.

சாப்பாட்டைப் பற்றி அன்ரி தனியே இருந்து நிறைய யோசித்தார். பிறகு றெஜி அண்ணாவிடம் சொன்னார்: "மாடு வேண்டாம். அவை சைவசமய ஆக்கள், மாடு தொடாயினம். பண்டியும் வேண்டாம். ஆடு போடுவம். ஆடு ஒருத்தருக்கும் பிழையில்லை."

"கொஞ்சம் மரக்கறியும் வைப்பமோ?"

"பருப்பும் சம்பலும் வை, காணும். முதல் விருந்து. மரக்கறி போட்டா பெரிய வெள்ளி மாதிரியெல்லோ இருக்கும்."

ஒரு தலைவி செய்ய வேண்டியதைத்தான் செய்ததாக அன்ரி நினைத்தார். மற்றப் பகுதியின் பழக்கத்தை யோசித்தார், அவர்களுக்கு ஆகாததை விலக்கினார், பிறகு இருப்பதில் மரியாதையான சாப்பாட்டைத் தெரிவு செய்தார். ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை மொரீசியஸ்காரர்கள் எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். பெண்கள் மஞ்சள் சேலையில், நெற்றியில் நாமமும் குங்குமமுமாக, நேரே பூசையிலிருந்து. மூர்கெனின் மனைவி ஃப்ரான்சுவாஸின் தோளில் ஒரு பெரிய கட்டு இருந்தது. வாழை இலைகள். அவர் வேலை செய்யும் மாளிகைத் தோட்டத்தில், முதலாளியம்மாவைக் கேட்டு வெட்டி வந்தவை. பிளாஸ்டிக் தட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மேசைகளில் இலைகளை விரித்து, ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அன்ரிக்கு அதைப் பார்க்க அழுகை வந்தது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

றெஜி அண்ணாவும் இன்னொருவரும் பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்கள். றெஜி அண்ணா மூடியைத் திறந்தார்.

ஆட்டுக்கறி வாசம் மண்டபம் முழுக்கப் பரவியது. ஃப்ரான்சுவாஸ் துணியை மடித்து வைத்தார். ஒரு வயதான பெண் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார். பிறகு ஃப்ரான்சுவாஸ், தான் விரித்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, திரும்பச் சுருட்டத் தொடங்கினார். மற்றப் பெண்களும் உதவினார்கள். மூர்கென் அன்ரியின் முன்னால் வந்து நின்றார்.

"புரட்டாசிச் சனிக்கிழமை" என்றார். இந்த இரண்டு சொல்லையும் தமிழிலேயே சொன்னார்.

மண்டபச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவருடைய சனமும் பின்னால் போனது.

கோவிந்தன் மாதம், புரட்டாசி என்று அவர்கள் சொல்வது எங்கள் புரட்டாதியைத்தான். மாதம் முழுவதும் மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். சனிக்கிழமை எல்லாவற்றிலும் பெரிய நாள். கடைசியில் ஏழு கறியோடு இலையில் விருந்து வைத்து விரதத்தை முடிப்பார்கள். எங்கள் ஊரிலும் சைவர்கள் புரட்டாதிச் சனி பிடிப்பார்கள், எள் எரிப்பார்கள். அன்ரி சின்ன வயதில் பார்த்திருக்கிறார். ஆனால் அவருக்கு அது நினைவில் வரவே இல்லை.

"பிரெஞ்சு கதைக்கிற சனம் புரட்டாதி பாக்கும் எண்டு ஆர் நினைச்சது?" என்று அன்று பின்னேரம் அவர் கேட்டார். யாரும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை.

ஆட்டுக்கறி முக்கால்வாசி மிஞ்சியது. எங்கள் பகுதியாருக்கும் இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தேவாலய வாசலில் சாந்தன் அன்ரியைப் பிடித்துக்கொண்டார்.

"போகட்டும் விடுங்கோ மலரக்கா. இனி எண்டாலும் தமிழிலை கூட்டம் வைக்கலாம்."

"அவை போனா மண்டபமும் போகும்."

"போனாப் போகுது. எங்களுக்கு மரியாதை முக்கியம். அவ்வளவு செலவழிச்சுச் சமைச்ச சாப்பாட்டைப் பாத்து மூக்கைப் பொத்தினவை."

"முப்பத்தோராம் நாளுக்கு வாற சனத்தை மரியாதையிலையோ இருத்துறது சாந்தன்?"

 சாந்தனும் அந்த மழைக்குள் தட்டோடு நின்றவர். "தலைவி எண்டா ஒரு முடிவு எடுக்கவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்ரியால் முடிவு எடுக்கலாம். அதை யார் கேட்பார்கள்? பொலிசும் இல்லை, படையும் இல்லை, வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுக்கும் பலமும் இல்லை. மண்டபத்தைக் கூட்டுவதற்கு இன்னொருவரைக் கேட்டால்கூட, "எனக்கு இண்டைக்கு ஏலாது அக்கா" என்று சொல்லிவிடுவார்கள். பிறகு அவரே கூட்டுவார். அந்த வாரம் சிஞ்ஞோராவுக்கு இருமல். அன்ரி கதிரையில் இருந்தபடியே தூங்கினார். ஒன்றியத்தை விட்டுவிடலாமா என்று அவர் யோசித்தாரா என நான் பிறகு அவரிடமே கேட்டேன். "யோசிக்கக்கூட நேரமில்லை பிள்ளை" என்றார்.

வியாழன் பின்னேரம் ஓய்வு கிடைத்ததும் வியா மக்வேதாவுக்குப் போனார். மூர்கென் வாயிற்கூட்டில் சுற்றுலாப் பயணிகளின் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அன்ரிக்குத் தன் கதிரையைக் கொடுத்துவிட்டு ஒரு பெட்டியின் மேல் தான் உட்கார்ந்தார். அவர்கள் இத்தாலியனில்தான் பேசினார்கள்.

"எனக்கு ஆட்டுக்கறி பிரச்சினை இல்லை. மற்ற மாதத்தில் நானே சாப்பிடுவேன்" என்றார் மூர்கென். "என்ன பிரச்சினை தெரியுமா? நீங்கள் சனிக்கிழமை என்று சொன்னதும், பிரெசிதெந்தே எங்களுக்காகத்தான் புரட்டாசிச் சனியைத் தெரிவு செய்திருக்கிறார் என்று என் சனத்துக்குச் சொல்லிவிட்டேன். பூசையில் ஒலிவாங்கியில் சொன்னேன். பெண்கள் கை தட்டினார்கள்."

அன்ரி தலையைக் குனிந்துகொண்டார். தெரிந்தே வைத்தேன், சமையல்காரர் பிழை விட்டுவிட்டார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பழி றெஜி அண்ணாவில் விழுந்திருக்கும், மூர்கெனின் மானம் தப்பியிருக்கும்.

"எனக்குத் தெரியாது" என்றார். "சனிக்கிழமை எங்களுக்கு வசதி. அதுக்காகத்தான் வைச்சனான்."

மூர்கென் பெட்டியின் பட்டியை இழுத்துச் சரிசெய்தார். "தமிழர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்" என்றார். "நானும் கேட்கவில்லை."

மூர்கென் மேசையில் விட்டுப்போன சாவியை அன்ரி கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"மாதக் கடைசியில் ஏழு கறி. நிலவறையில் வைப்பதாக இருந்தோம். மண்டபத்தில் வைக்கிறோம். உங்கள் சனம் வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். வந்தால் சாவியை வாங்குகிறேன். வராவிட்டால், சங்கம் உடைந்துவிட்டது என்று நகரசபைக்கு நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்."

அதன் பிறகு அன்ரிக்குக் கிடைத்த ஒவ்வொரு ஓய்வும் படியேறுவதில் போனது. கபோவில் மின்தூக்கி உள்ள வீடு குறைவு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி, ஒரே விளக்கம், ஒரே தேத்தண்ணீர். சிலர் வருகிறோம் என்றார்கள். சிலர் பார்ப்பம் என்றார்கள், அதற்கு வரமாட்டோம் என்று அர்த்தம். சாந்தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, "சாப்பாட்டுக்குப் போய் மண்டியிடச் சொல்லுறியளோ?" என்றார்.

"ஒரு முடிவு எடுக்கச் சொன்னீங்கள். எடுத்தனான். சனிக்கிழமை சாப்பிட வாங்கோ. அதுதான் முடிவு."

றெஜி அண்ணாவிடம் கடைசியாகத்தான் போனார். விருந்து நாளிலிருந்து அவர் பகிடி விடுவதை நிறுத்தியிருந்தார். அதுவே அன்ரிக்குப் பயமாக இருந்தது.

"வாறியோ எண்டு கேக்கேல்லை" என்றார் அன்ரி. "பெரிய சட்டியை மட்டும் தா. அவையிட்டை அவ்வளவு பெரிசு இல்லை."

"ஆடு காய்ச்சின சட்டி. தொடுவினமோ?"

"தெரியாது."

"தெரியாமலோ கேக்கிறியள்?"

"தெரியாமல்தான் கேக்கிறன். தெரியும் எண்டு நினைச்சுத்தான் முதல் பிழை விட்டனான்."

ஏழு கறி நாள் அன்று, சிஞ்ஞோராவிடம் வியாழனைக் கொடுத்துச் சனியை வாங்கிக்கொண்டு அன்ரி மண்டபத்துக்கு வந்தார். அடுப்படியில் ஃப்ரான்சுவாஸும் பெண்களும் விடியலிலிருந்தே வேலையில் நின்றார்கள். பூசணி, வாழைக்காய், பலாக்காய், கத்தரி, பருப்பு என்று சின்னச் சின்னச் சட்டிகளில் கறிகள். சோற்றுக்குத்தான் சட்டி போதவில்லை, திரும்பத் திரும்ப வடித்தார்கள்.

அப்போது றெஜி அண்ணா சட்டியோடு வந்தார். பிட்சா அடுப்புச் சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டு அவர் அதைத் தேய்த்த தேய்ப்பில் பழைய கறுப்பெல்லாம் போயிருந்தது. வாசலில் நின்ற பிள்ளைகளின் முகம் அதில் தெரிந்தது. கைகள் வெந்து சிவந்திருந்தன. ஃப்ரான்சுவாஸின் முன்னால் சட்டியை வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார்.

ஃப்ரான்சுவாஸ் குனிந்து உள்ளே பார்த்தார். மணந்து பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவினார். மற்றப் பெண்களோடு கிரியோலில் ஏதோ கதைத்தார். ஒருவர் தலையை ஆட்டினார், இன்னொருவர் வேண்டாம் என்று கை காட்டினார். அன்ரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூர்கென் மொழிபெயர்த்தார்: "சோற்றுக்கு வேண்டாமாம். வெறுந்தேநீர் போடலாமாம்."

"என்னது?" றெஜி அண்ணா அன்ரியின் பக்கம் திரும்பினார். "தோல் உரிய மூண்டு நாள் தேய்ச்சனான், சனாதிபதி அக்கா! பிளேன்ரிக்கோ?"

அன்ரி சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பல மாதம் கேட்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார் என்று விளங்காமலே ஃப்ரான்சுவாஸும் சிரித்தார். றெஜி அண்ணா முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் வைத்தார். இஞ்சி எங்கே என்று கேட்டார். ஏலக்காய் இல்லையா, இது என்ன சமையலறை என்று சத்தம் போட்டார்.

எங்கள் பகுதியில் பாதிப்பேர்தான் வந்தார்கள். சாந்தன் வரவில்லை. அவர் மனைவி றோசமலர் இரண்டு பிள்ளைகளோடு வந்து, "அவருக்குத் தலையிடி" என்று யாரும் கேட்காமலே சொன்னார். இலைகள் விரிக்கப்பட்டன. கறி பரிமாறும் ஒழுங்கு எங்களுக்குத் தெரியவில்லை, அவர்கள் காட்டினார்கள். ஒரு பிள்ளை "உப்புக் காணாது" என்று சத்தமாகச் சொல்லி அடி வாங்கியது.

அன்ரி சாவியை மூர்கெனின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் அதைப் பார்க்காதவர் போலச் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், துடைத்தார். பிறகு வந்து எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வருடமும் நீங்களே இருங்கள்" என்றார்.

"ஒரு வருசம்தான் எண்டு சொன்னனான்."

"அப்படியானால் யார்?"

அன்ரி சுற்றிப் பார்த்தார். வராதவர்களின் கதிரைகளும் அங்கே இருந்தன. "சாந்தனை முதல்லை கேக்கவேணும்" என்றார். "கேக்காட்டி அவர் தனியா ஒரு நாடு தொடங்குவார்."

பிறகு வழக்கம்போல மேசையைத் துடைக்க எழுந்தார். மூர்கென் அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். "நான் பூட்டுகிறேன். உங்களுக்குப் பஸ் போய்விடும்."

மண்டபம் கிடைத்த நாளிலிருந்து அன்ரி பூட்டாமல் வெளியேறியது அன்றுதான். ஒழுங்கை முனை வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உள்ளே றெஜி அண்ணா யாருக்கோ, சீனி போட்டுவிட்டேன், கலக்கிக் குடி என்று இத்தாலியனில் கத்திக்கொண்டிருந்தார். அன்ரி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மெதுவாக நடந்தார். வீட்டில் சிஞ்ஞோரா காத்திருப்பார், அரசாங்கம் விழுந்துவிட்டதா என்று கேட்பார். இன்றைக்கு இல்லை என்று சொல்ல வேண்டும்.